வண்டு சுத்துது

போன மாதம் விசுவமடுவில் ஒரு சொந்தக்காரக் கலியாணம். தாலி கட்டுகிற நேரம் பார்த்து, படம் எடுக்க வந்த பெடியன் ட்ரோனை ஏற்றினான். பந்தலுக்கு மேலே ஒரே இரைச்சல். பக்கத்தில் இருந்த அம்மம்மா, மடித்த வெற்றிலையை வாயில் வைக்காமலே நிமிர்ந்து பார்த்து, "வண்டு சுத்துது" என்றார். அக்காவின் மகனுக்குப் பதினான்கு வயது. "எங்க மாமா வண்டு?" என்று கதிரைக்குக் கீழே குனிந்து தேடினான்.

இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில், போர்க்காலத்தில் வண்டு என்றால் ஆளில்லாத வேவு விமானம். அந்த ரீங்காரத்தைக் கேட்டவர்களுக்கு வேறு பெயர் தோன்றியிருக்காது. வண்டு வந்து போனால் பின்னால் கிபிர் வரும் என்று பயம். கிபிர் இஸ்ரேலில் செய்த போர் விமானம். இலங்கை விமானப்படை 1996இல் வாங்கியது. எபிரேய மொழியில் அந்தச் சொல்லுக்கு இளஞ்சிங்கம் என்று பொருள். எங்களூர்க் கிழவிகளுக்கு எபிரேயம் எங்கே தெரியும்? "கிபிர்க்காரன் வாறான், பங்கருக்குள்ள போங்கோ" என்று பதுங்குகுழியைக் காட்டி, விமானத்தை ஓர் ஆளாக்கி, மண்ணள்ளித் தூற்றினார்கள். அதற்கு முன்னரே சகடை இருந்தது. சாமான் ஏற்றுகிற விமானத்தில் குண்டைக் கொண்டுவந்து தள்ளிவிடுவார்கள். பழந்தமிழில் சகடம் என்றால் வண்டி. யார் வைத்த பெயரோ, வைத்தவருக்குத் தமிழ் வாய்த்திருக்கிறது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், "இலங்கைத் தமிழ் கொச்சை வார்த்தைகள்" என்று வருகிற காணொளிகள் எல்லாவற்றிலும் அதே பத்துச் சொல்தான். ஓம், பகிடி, விசர், கெதியா, வடிவு. அப்புறம் கதிரையும் சப்பாத்தும் போர்த்துக்கீசம், கந்தோரும் கக்கூசும் ஒல்லாந்தம் என்று ஒரு பாடம். எல்லாம் சரிதான். ஆனால் வன்னி எங்கே என்று கேட்டால், "அது யாழ்ப்பாணப் பேச்சுத்தானே" என்கிறார்கள். இதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு வீட்டில் "ஏலாது" என்பார்கள், அடுத்த வீட்டில் "முடியாது" என்பார்கள். "முடியாது" என்கிறவர்கள், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய சனம். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடி, "வாங்கோ"வும் "வாங்க"வும் ஒரே வாயில் வரும். அதற்கும் முன்னால் இங்கேயே இருந்த வயல்காரரின் பேச்சு இன்னொன்று. சூடு மிதிக்கிற, அதாவது கதிரடிக்கிற களத்தில் அவர்கள் நெல்லை நெல் என்று சொல்ல மாட்டார்கள். பூதத்துக்குக் கேட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுமாம். பொலி என்பார்கள். பொலிதல் என்றால் பெருகுதல். பூதத்தையும் ஏமாற்றியாயிற்று, விளைச்சலையும் வாழ்த்தியாயிற்று. இப்போது நெல் வெட்டுகிற மிசின் வந்து அரை நாளில் மூட்டையாக்கிவிடுகிறது. பூதத்துக்கு ஒளித்துக் கதைக்க நேரம் ஏது?

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். தெரியாத சொல்லுக்குக் கதை கட்டுவது. "அலகு வாங்கு" என்பதுதான் அலவாங்கு (கடப்பாரை) ஆனது என்று ஒருவர் எங்கள் குடும்ப வாட்ஸப்பில் போட, முப்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். அது போர்த்துக்கீசரின் 'அலவாங்கா', நெம்புகோல். கடன் வாங்கிய சொல்லைக் கடன் என்று சொல்வதில் என்ன வெட்கம்? அந்த அலவாங்கால்தானே பங்கரே வெட்டினோம்.

பிழையாய் விளங்கினால் வேறு சிக்கல். சென்னைச் சிநேகிதர் ஒருவரிடம் ஒரு படத்தைப் பற்றி, "படம் அந்தமாதிரி, குடும்பத்தோட போய்ப் பாருங்கோ" என்றேன். எங்களுக்கு அந்தமாதிரி என்றால் பிரமாதம். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எனக்குப் பிடித்த சொல் பேந்து. பிறகு என்று பொருள். "பேந்து வாறன்", "பேந்து பாப்பம்." பெயர்ந்து என்பதுதான் தேய்ந்து பேந்து ஆனது. இடம்பெயர்ந்து என்கிறோமே, அதே பெயர்ந்து. 1996இல் கிளிநொச்சியிலிருந்து அக்கராயன், மல்லாவி. 2009இல் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று பெயர்ந்து பெயர்ந்து போன சனத்தின் வாயில், ஒரு நாளைக்கு நூறு தரம் இந்தச் சொல் வருகிறது. யாரும் கவனிப்பதில்லை. நானும் கன காலம் கவனிக்கவில்லை.

பந்தியில் சோறு போடும்போது மருமகன் விடவில்லை. "அம்மம்மா, அந்த வண்டு வந்தா நீங்கள் எங்க ஓடுவீங்கள்?"

அம்மம்மா பருப்பைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "முதல்ல சாப்பிடடா. பேந்து சொல்லுறன்."