கைலியில செருக ஒண்ணு, பையில போட ஒண்ணு

தங்கச்சி மகன் சிங்கப்பூர்லேர்ந்து வந்தப்ப மடக்கு போன் ஒண்ணு கொண்டு வந்தான், சாம்சங் ஃபோல்டு 7, "மாமா இன்னும் எதுக்கு போனு, டேப்லெட்டுன்னு ரெண்டத் தூக்கிக்கிட்டு அலையறீங்க, விரிச்சா 8 இன்ச் டேப்லெட்டு, மடக்கினா போனு"ங்கிறான். 215 கிராம்தானாம், 2019-ல வந்த முதல் ஃபோல்டு மாதிரி செங்கல் இல்ல. நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு ஒத்து வராது.

ரங்கூன்ல கைலி கட்டுற ஆளுக்கு பாக்கெட் ஏது, போனை இடுப்புக்குப் பின்னாடி செருகிக்கிட்டுத்தான் பாதி ஊரு நடக்குது. அங்க செருகறது விழுந்தாலும் நெஞ்சு அடைக்காத விலையில இருக்கணும்ல.

சரின்னு ஞாயித்துக்கிழமை கோயில்ல பிள்ளைங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுக்க அந்த மடக்கு போனையே அவன்கிட்ட இரவல் வாங்கிட்டுப் போனேன். 'ழ' காட்டிக்கிட்டு இருக்கேன், மேலேர்ந்து அவன் பிரண்டு மெசேஜ் "எந்திரிச்சியாடா எரும"ன்னு குதிக்குது, பிள்ளைங்க அத்தனையும் சேர்ந்து சத்தமா எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டாங்க (பாடத்துல அந்த வேகம் ஒரு நாளும் இல்ல). என் டேப்லெட்டுல சிம்மே கிடையாது, அதான் அதோட நல்ல குணமே, நெட்டு வேணும்னா போன்லேர்ந்து ஹாட்ஸ்பாட்.

பெரிய விஷயம் கரண்ட்டு. இங்க அது வர்ற நேரம்தான் நமக்கு நல்ல நேரம், ஓடிப்போய் ரெண்டையும் பிளக்குல மாட்டிடுவேன், அப்புறம் அம்மா டேப்லெட்டுல படம் பார்த்தே அதக் காலி பண்ணினாலும் போன் சார்ஜ் அப்படியே இருக்கும், ராத்திரி ஒரு அவசரம்னா கூப்பிடலாம். மடக்கு போன்ல இருக்கறதே 4400 எம்ஏஹெச் பேட்டரி ஒண்ணுதான், அதுலயே படமும் ஓடணும் போனும் பேசணும்.

ரெண்டையும் ஒண்ணாக்குற ஆசை புதுசும் இல்ல. 2012-லயே ஏசஸ் 'பேட்ஃபோன்'னு ஒண்ணு விட்டாங்க, போனை டேப்லெட் முதுகுல செருகணும், உருவிட்டா டேப்லெட்டு வெறும் கண்ணாடித் தட்டு. மகன் போனை எடுத்துக்கிட்டு வெளிய போனா அம்மா தட்டையேதான் பாத்துக்கிட்டு இருக்கணும்.

ரெண்டு கருவி பாரமாம். 2014-ல 1500 சாட்டுக்கு (பர்மா காசு) சிம் வர்றதுக்கு முன்னாடி இங்க ஒரு சிம்மே லட்சக்கணக்குல, கையில போன் வச்சிருந்தாலே பெரிய மனுசன்! அவனுக்கு அதெல்லாம் எங்க தெரியும்.

ஒண்ணு மட்டும் அவன் சொன்னது சரி, ஒய்பிஎஸ்ங்கிற எங்க ஊரு டவுன் பஸ்ல நின்னுக்கிட்டு டேப்லெட் எடுக்க முடியாது. ஒரு கை கம்பியில, இன்னொரு கை பின்னாடி போன் இருக்கான்னு தடவிப் பாக்கறதுல, இவன் போனை விரிக்க மட்டும் மூணாவது கை எங்கேர்ந்து வரும்?