வால்வுக்கு அடியில் ஒரு எல்.இ.டி.

"டேக்குக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் ஒரு டியூப் பஃபர் போட்டால் சவுண்டு இன்னும் நன்றாக இருக்குமா?" மாதம் ஒருவராவது இன்பாக்ஸில் இதைக் கேட்கிறார்கள். டேக் என்பது டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபையருக்கான சிக்னலாக மாற்றும் கருவி. டியூப் என்றாலும் வால்வு என்றாலும் ஒன்றுதான், பழைய ரேடியோக்களில் ஒளிர்ந்த அந்தக் கண்ணாடிக் குழாய். அதை வைத்துச் செய்த இடைக் கருவிதான் டியூப் பஃபர். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. நானும் ஒன்று வாங்கி மூன்று மாதம் அதோடு குடித்தனம் நடத்தியவன்தான். இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் வாங்கியது ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 6ஜே1 ரகம். உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு, இரண்டு குட்டி வால்வுகள், ஒரு 12 வோல்ட் அடாப்டர். மாட்டிய அன்று இரவு சொக்கிப்போனேன். வீணைத் தந்தியின் அதிர்வு தனியாகக் கேட்டது, குரலில் ஒரு ஈரம் வந்திருந்தது. மறுநாளே மச்சினனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவன் எலக்ட்ரீஷியன், காதைவிட மீட்டரை நம்புகிறவன். "அத்தான், சத்தம் கொஞ்சம் கூடியிருக்கிற மாதிரி இருக்கே" என்றான்.

400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்தான். பஃபர் இல்லாமல் 2.00 வோல்ட். பஃபரோடு 2.12. அதாவது அரை டெசிபல். இவ்வளவு சின்ன வித்தியாசத்தைக் காது பெரும்பாலும் "சத்தம் அதிகம்" என்று சொல்லாது, "சவுண்டு பிரமாதம்" என்றுதான் சொல்லும். போர்டிலிருந்த வால்யூம் குமிழைத் திருகி இரண்டையும் சமமாக்கினோம். நான் சுவரைப் பார்த்து உட்கார, அவன் பின்னாலிருந்து பத்து முறை மாற்றி மாற்றிப் போட்டான். ஆறு முறை சரியாகச் சொன்னேன். பூவா தலையா போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

பஃபரின் வேலை என்ன? சிக்னலைப் பெருக்காமல், மாற்றாமல், அடுத்த கருவியைத் தாங்கிப் பிடிக்கும் தெம்பை மட்டும் கொடுப்பது. 12ஏயூ7 மாதிரி வால்வை கேத்தோடு ஃபாலோயராக, அதாவது கேத்தோடு முனையிலிருந்து சிக்னலை எடுக்கும் முறையில், போட்டால் ஏறக்குறைய முழு சிக்னலும் எதிர்ப் பின்னூட்டமாகத் திரும்புகிறது. அதனால் டிஸ்டார்ஷன், அதாவது சிக்னலின் சிதைவு, மிகக் குறைவு. ஆக, ஒழுங்காகச் செய்த டியூப் பஃபர் என்றால் வித்தியாசமே கேட்கக் கூடாது. கேட்டால் அது எதையோ சேர்க்கிறது. காசு கொடுத்து வாங்குபவர்களோ அந்தச் சேர்க்கைக்காகத்தான் வாங்குகிறார்கள். இந்தக் கூத்து எனக்கே லேட்டாகத்தான் உறைத்தது.

அந்தச் சேர்க்கை சில காதுகளுக்கு இனிக்கிறது என்பதை மறுக்கவில்லை. வால்வு அதிகம் கலப்பது இரண்டாம் ஹார்மானிக். ச பாடும்போது கூடவே மேல் ஸ்தாயி ச லேசாக ஒலித்தால் காது ஏன் கோபிக்கப்போகிறது? ஆனால் ஒற்றை வீணைக்கு ஒத்துவருவது, முப்பது வயலின் சேர்ந்து வாசிக்கும் இடத்தில் கலங்கலாகிவிடும்.

1990களில் மியூசிக்கல் ஃபிடெலிட்டி என்ற பிரிட்டிஷ் கம்பெனி எக்ஸ்-10டி என்று ஒன்றை விற்றது. சிடி பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே போடும் டியூப் பஃபர். இன்றைய டேக்குகளோ 2 வோல்ட் அவுட்புட்டோடு, சில நூறு ஓமுக்குள் அவுட்புட் இம்பீடன்ஸ் (மின்தடை மாதிரி) வைத்துக்கொண்டு, 10 கிலோ ஓம் இன்புட் உள்ள ஆம்ப்ளிஃபையரைக்கூட அலட்டிக்கொள்ளாமல் ஓட்டுகின்றன. ஓடத் தெரிந்தவனுக்கு ஊன்றுகோல் எதற்கு?

ஊன்றுகோல் நிஜமாகவே தேவைப்படுகிற இடமும் உண்டு. 100 கிலோ ஓம் பாஸிவ் (மின்சாரம் இல்லாத) வால்யூம் கன்ட்ரோலுக்குப் பின்னால் ஐந்து மீட்டர் கேபிள் இழுத்தால், மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டாலும், குமிழ் மோசமான இடத்தில் நிற்கும்போது 13 கிலோஹெர்ட்ஸ் வாக்கிலேயே சத்தம் 3 டெசிபல் இறங்கிவிடும். பழைய ரெக்கார்ட் பிளேயரின் செராமிக் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி மாட்டிய பகுதி) ஒரு மெகா ஓம் இன்புட் வேண்டும், இல்லாவிட்டால் பேஸ் காணாமல் போகும். இங்கெல்லாம் பஃபர் போடுங்கள். ஆனால் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஆப்-ஆம்ப் என்ற சின்ன சிப்பும் இதே வேலையைச் செய்யும், அதுவும் வால்வை விரல் நகத்தால் தட்டினால் ஸ்பீக்கரில் வரும் 'டிங்' இல்லாமல்.

என்னிடம் கேட்டால், அந்தக் காசுக்கு ஜன்னலுக்கு ஒரு தடித்த திரை வாங்கலாம். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்துவைக்கக் காசே வேண்டாம். என் வீட்டில் பேஸின் குடைச்சல் அடங்கியது அப்படித்தான்.

இருந்தும் பஃபரை நான் கழற்றவில்லை. ராத்திரி விளக்கணைத்தால் வால்வுக்குள் அந்த ஆரஞ்சு வெளிச்சம் அவ்வளவு அழகு. போன வாரம் பின்களைச் சுத்தம் செய்யலாம் என்று ஒரு வால்வை உருவினேன். அடாப்டரைப் பிடுங்க மறந்திருந்தேன். காலி சாக்கெட்டின் நடுவில் ஆரஞ்சு எல்.இ.டி. ஒன்று ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. மச்சினனிடம் இன்னும் சொல்லவில்லை, இந்தப் பதிவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான்.