‘பார்த்துக்கலாம்’ என்றால் யார் பார்ப்பது?

"நீ அப்படித்தானே சொன்னே", "நான் எப்போ அப்படிச் சொன்னேன்" என்று சண்டை ஆரம்பித்தால், பஞ்சாயத்துக்குப் போகிறவர் முதலில் தேடுவது யார் பொய் சொல்கிறார் என்பதைத்தான். பாதி நேரம் யாருமே பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். ரெண்டு பேரும் ஒரே வார்த்தைக்குத் தலையாட்டியிருப்பார்கள், ஆளுக்கொரு அர்த்தத்தை மனதில் வைத்துக்கொண்டு. சரி, இது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். எனக்கு உறுத்துவது அதற்கு அடுத்த கட்டம். அந்த வார்த்தைக்கு இதுதான் அர்த்தம் என்று கடைசியில் முடிவு செய்வது யார்? நீதிமன்றத்தில் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வீட்டில் நடப்பது அதற்கு நேர் தலைகீழ்.

சட்டம் படிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டே படிக்கும் கோழி வழக்கு ஒன்று உண்டு. 1957-ல் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று நியூயார்க் நிறுவனம் ஒன்றிடம் உறையவைத்த கோழி வாங்க ஒப்பந்தம் போட்டது. எடை, தரம், விலை எல்லாம் எழுத்தில் இருந்தது. சரக்கு போய் இறங்கிய பிறகு பார்த்தால், பெரிய எடைக் கோழிகளில் கணிசமானவை வயதானவை, நெடுநேரம் வேகவைத்தால்தான் மெல்ல முடியும் என்கிற ரகம். கோழி என்றால் பொரிக்கத் தோதான இளங்கோழி என்றார் வாங்கியவர். கிழடாக இருந்தாலும் கோழி கோழிதானே என்றார் விற்றவர். 1960-ல் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹென்றி ஃப்ரெண்ட்லி, கோழி என்றால் என்ன என்பதே இந்த வழக்கின் கேள்வி என்றுதான் ஆரம்பிக்கிறார். அகராதியைப் பார்த்தார், வேளாண்துறை விதிகளைப் பார்த்தார், வியாபாரிகளின் சாட்சியைக் கேட்டார். பேசிய விலைக்கு இளங்கோழி கொடுத்திருந்தால் விற்றவருக்கு நட்டம் வந்திருக்கும் என்பதும் கணக்கில் வந்தது. அந்தச் சுவிஸ் ஆட்கள் தந்திகளைப் பெரும்பாலும் ஜெர்மனில்தான் அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் கோழிக்கு மட்டும் ஆங்கிலச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். ஜெர்மன் சொல் கிழடு, இளசு இரண்டையும் குறிக்கும், ஆங்கிலச் சொல் இளசை மட்டும்தான் குறிக்கும் என்று நம்பியதாகச் சொன்னார்கள். குழப்பமே வரக்கூடாது என்று தேடி எடுத்த சொல்லால்தான் மாட்டிக்கொண்டார்கள், பாவம். பொதுச் சொல்லைக் குறுகிய அர்த்தத்தில்தான் சொன்னோம் என்று காட்ட வேண்டியது உன் பொறுப்பு, நீ காட்டவில்லை என்று தீர்ப்பு அவர்களுக்கு எதிராகப் போனது.

இதைவிடப் பழையது 1864-ஆம் ஆண்டின் ‘பீர்லெஸ்’ கப்பல் வழக்கு. பம்பாயிலிருந்து லிவர்பூலுக்கு அந்தக் கப்பலில் வரும் பருத்திக்கு ஒப்பந்தம். அதே பெயரில் இரண்டு கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்று அக்டோபரில் கிளம்பியது, இன்னொன்று டிசம்பரில். ஒருவர் மனதில் ஒன்று, மற்றவர் மனதில் மற்றது. வாங்குபவர் அந்தச் சரக்கை ஏற்க வேண்டியதில்லை என்று ஆனது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு சம்மதத்துக்குச் சொல்லும் இலக்கணமும் இதே ரீதியில்தான் போகிறது: ஒரே விஷயத்துக்கு, ஒரே அர்த்தத்தில் ஒத்துக்கொண்டால்தான் சம்மதம். இந்த ஒரு வரியை வைத்து நம் உறவுகளைச் சோதித்துப் பார்த்தால் எத்தனை சம்மதம் மிஞ்சும் என்று யோசித்தால் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறொரு விதியை. ‘கான்ட்ரா ப்ரொஃபரென்டெம்’ என்று லத்தீனில் பெயர். ஒரு வாசகம் இரண்டு விதமாகப் பொருள்படுகிறதா, வேறு வழியில் தெளிவு கிடைக்கவில்லையா, அப்படியானால் அதை எழுதியவருக்கு எதிராகவே அர்த்தம் கொள்ள வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசி வழக்குகளில் இது அடிக்கடி வரும். காரணம் எளிது. பேனா இன்சூரன்ஸ் கம்பெனியின் கையில் இருந்தது. தெளிவாக எழுதியிருக்கலாம், எழுதவில்லை. எதிரே உட்கார்ந்தவருக்குக் கையெழுத்துப் போட ஒரு கோடு மட்டும்தான் கிடைத்தது. மங்கலாக எழுதிவிட்டு அந்த மங்கலால் லாபமும் பார்க்க விட முடியாது என்பதுதான் விஷயம். எப்போதும் இது கைகொடுக்கும் என்று சொல்லவில்லை, வக்கீல்கள் அதற்கும் வழி வைத்திருப்பார்கள். ஆனாலும் விதி பார்க்கும் திசை சரியானது.

எழுதியவனிடமே அர்த்தத்தையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தைப் பார்த்தால் போதும். 1840 பிப்ரவரியில் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் வைடாங்கி உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஆங்கிலப் பிரதியில் முழு இறையாண்மையையும் ஒப்படைப்பதாக இருந்தது. மாவோரிப் பிரதியில் அந்த இடத்தில் இருந்த சொல் ‘காவனதங்கா’, ஆளுநர் நிர்வாகம் என்கிற அளவில்தான் அதற்குப் பொருள். அடுத்த ஷரத்திலேயே தலைவர்களின் அதிகாரம் அவர்களிடமே இருக்கும் என்றும் சொன்னது. அடுத்து வந்த மாதங்களில் போட்டவர்களையும் சேர்த்து, கையெழுத்திட்ட 500-க்கும் மேற்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் போட்டது மாவோரிப் பிரதியில். ஆனால் நாடு நடந்தது ஆங்கிலப் பிரதியின்படி. 1975-ல் இதை விசாரிக்கத் தனி ஆணையம் அமைத்தார்கள். 1840 பிப்ரவரியில் கையெழுத்திட்ட தலைவர்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை என்று அந்த ஆணையம் சொன்னது 2014-ல். இடையில் 174 வருஷம்.

வேலைக்குச் சேரும்போது கொடுக்கும் கடிதத்தில் கடைசிப் பக்கத்துக்கு அருகில் ஒரு வரி இருக்கும், "நிர்வாகம் அவ்வப்போது ஒப்படைக்கும் பிற பணிகள்." சேருகிற சந்தோஷத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. மேலே ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதிய எல்லா வேலைகளையும் சேர்த்தாலும் அந்த ‘பிற’ அளவுக்கு வராது என்பது ஆறு மாதத்தில் புரிந்துவிடும்.

அப்புறம் வீடு.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பிள்ளைகள் நாலு பேர் வாட்ஸ்அப் குழுவில் பேசுகிறார்கள். "நாம எல்லாரும் சேர்ந்து அம்மாவைப் பார்த்துக்கலாம்" என்று பெரியவர் எழுதுகிறார், மற்றவர்கள் கைகூப்பும் பொம்மையையும் இதயத்தையும் போடுகிறார்கள். ஒப்பந்தம் முடிந்தது. இதில் பெரியவருக்குப் ‘பார்த்துக்கொள்வது’ என்றால் மாதாமாதம் பணம் போடுவது. இரண்டாமவருக்கு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி "மாத்திரை போட்டியாம்மா" என்று கேட்பது. மூன்றாமவருக்கு நல்ல டாக்டர் யார் என்று விசாரித்து லிங்க் அனுப்புவது. அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கும் கடைசித் தங்கைக்கு அது ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பாத்ரூமுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போவது, படுக்கை விரிப்பை மாற்றுவது, அதனால் ஆபீசில் லீவு தீர்ந்து சம்பளம் பிடிபடுவது. யாரும் வாக்குத் தவறவில்லை. அவரவர் அர்த்தப்படி எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு நாள் தங்கை வாய் திறந்து, "பார்த்துக்கலாம்னு சொன்னீங்களே" என்று கேட்டால், "ஏன், நாங்க பார்க்கலியா?" என்று பதில் வரும். பெரியவருக்கு உண்மையாகவே மனசு வலிக்கும், அதிலும் சந்தேகமில்லை. அந்த வார்த்தையைப் போட்டவர் அவர். அர்த்தம் சொல்வதும் அவர். அந்த அர்த்தத்தின் பாரம் மட்டும் தங்கையிடம்.

இதற்குத்தான் அந்த லத்தீன் விதி வீட்டுக்குள்ளும் வர வேண்டும் என்கிறேன். ‘முடிஞ்சப்போ கொடு’ என்று கடன் கொடுத்தவர் மூன்றாம் மாதமே முகம் கொடுத்துப் பேசாமல் போனால், தெளிவாகச் சொல்லாததன் நட்டம் கொடுத்தவருக்கு. ‘கொஞ்ச நாள் ஸ்பேஸ் வேணும்’ என்று சொன்னவர் அது எத்தனை நாள், அதில் போன் உண்டா இல்லையா என்று சொல்லவில்லை என்றால், காத்திருந்தவர் போன் பண்ணியதைக் குற்றமாக்கக் கூடாது.

"உறவுல போய் இப்படி அக்ரிமெண்ட் போட முடியுமா? புரிஞ்சுக்கணும்" என்று யாராவது வருவார்கள். புரிந்துகொள்ளுதல் நல்லதுதான். ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குப் பாதி வாக்கியம் போதும், மீதியைக் கண்ணாலேயே முடித்துக்கொள்வார்கள், அவர்களிடம் போய் ஷரத்து எழுதச் சொல்ல எனக்கென்ன கிறுக்கா. ஆனால் ‘புரிஞ்சுக்கணும்’ என்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்திருக்கிறவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம்: யார், எந்த வாரம், எத்தனை ராத்திரி. அதைக் குழுவில் கேட்டால் நீல டிக் நாலு பக்கமும் விழும், பதில் வராது, மறுநாள் காலையில் யாரோ ஒருவர் ரோஜாப்பூவோடு குட்மார்னிங் போடுவார்.