கேம் திக்கினால் ஜாவாஸ்கிரிப்டைத் திட்டாதீங்க

"ஜாவாஸ்கிரிப்ட் வெப்சைட் பட்டனுக்குத்தான், கேம் எழுதணும்னா சி பிளஸ் பிளஸ் படி" என்று யாராவது சொன்னால் வேம்பயர் சர்வைவர்ஸைக் காட்டுங்கள். திரை முழுக்க எதிரிகள் மொய்க்கும் அந்த கேம் முதலில் ஃபேசர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கில்தான் எழுதப்பட்டது. 2023-இல் யூனிட்டி என்ற கேம் எஞ்சினுக்கு மாறினார்கள், உண்மைதான். அதற்கு முன்பே கேம் ஹிட்.

2டி கேமுக்கு ஜாவாஸ்கிரிப்ட் தாராளமாகப் போதும். திக்குகிறது என்றால் முதலில் லூப்பைப் பாருங்கள், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் வரையும் ஒவ்வொரு படத்துக்கும்) திரும்பத் திரும்ப ஓடும் கோடை. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.67 மில்லிசெகண்ட். சுடும்போதெல்லாம் தோட்டாவுக்குப் புது ஆப்ஜெக்ட், ஒவ்வொரு ஃபிரேமிலும் புது அர்ரே என்று எழுதினால் மெமரியில் குப்பை சேரும். பயன்படாத மெமரியை விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் தனக்குத் தோன்றிய நேரத்தில் கூட்ட வரும், அந்த இடத்தில் கேம் நின்று நகரும். குரோமில் எஃப்12 தட்டி, பெர்ஃபாமன்ஸ் டேபில் மெமரியை டிக் செய்து பத்து செகண்ட் ரெக்கார்ட் பண்ணுங்கள். மெமரிக் கோடு ரம்பப்பல் மாதிரி ஏறி ஏறி விழுந்தால் வியாதி இதுதான். ஆரம்பத்திலேயே 200 தோட்டாக்களை உருவாக்கி வைத்து, செத்ததையே திரும்ப எடுத்துச் சுடுங்கள். ஆயிரக்கணக்கில் பொருள்கள் நகர்ந்தால் அவற்றின் எக்ஸ், ஒய் மதிப்புகளை எண்களை மட்டும் வைக்கும் ஃப்ளோட்32 அர்ரேயில் வையுங்கள்.

அடுத்தது வேகம். ஃபிரேமுக்கு 5 பிக்சல் நகர்த்தினால் 60 ஹெர்ட்ஸில் செகண்டுக்கு 300 பிக்சல், 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 720. வேகத்தை, போன ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால் பெருக்கச் சொல்வார்கள், சரி. ஆனால் வேறு டேபுக்குப் போய் அரை நிமிஷம் கழித்து வந்தால் அந்த நேரம் மொத்தமும் ஒரே ஃபிரேமில் வந்து விழும், ஹீரோ சுவரைத் தாண்டி நிற்பான். கணக்கில் எடுக்கும் அந்த நேரத்தை 0.05 செகண்டுக்கு மேல் போக விடாதீர்கள்.

சேவ் ஃபைலை பிரவுசருக்குள் இருக்கும் லோக்கல் ஸ்டோரேஜில் மட்டும் வைக்காதீர்கள். சஃபாரியைப் பயன்படுத்திக்கொண்டே ஏழு நாள் உங்கள் தளத்தைத் தொடாமல் விட்டால் சஃபாரி அதை அழித்துவிடும் (ஆப்பிள் 2020-இல் கொண்டுவந்த கட்டுப்பாடு). விளையாடுகிறவர் திட்டுவது உங்களைத்தான்.

டெஸ்க்டாப் ஆப் விஷயத்தில் மட்டும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் டெஸ்க்டாப் ஆப் கட்ட உதவும் எலக்ட்ரான், ஒவ்வொரு ஆப்புக்குள்ளும் குரோமுக்கு அடிப்படையான குரோமியம் பிரவுசரை முழுசாகவே வைத்துக் கட்டுகிறது. விஎஸ் கோட் எடிட்டர் அளவுக்கு வேலை செய்தால் நியாயம். ஒரு குறிப்பேட்டு ஆப்புக்கு 100 எம்பிக்கு மேல் என்றால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதே வேலைக்கான இன்னொரு கருவியான டௌரி, சிஸ்டத்தில் ஏற்கெனவே உள்ள வெப்வியூவையே (ஆப்புக்குள் வெப் பக்கத்தைக் காட்டும் பகுதி) எடுத்துக்கொள்வதால் சில எம்பியில் முடியும். விண்டோஸில் அது குரோமியம், மேக்கில் சஃபாரியின் எஞ்சினான வெப்கிட். ஆகவே இரண்டிலும் தனித்தனியாக டெஸ்ட் பண்ணியாக வேண்டும்.

பெரிய ஓபன் வேர்ல்ட் 3டி? வேண்டாம். பிரவுசரிலேயே கனமான கணக்கு போடணும் என்றால் டிசைன் கருவியான ஃபிக்மா மாதிரி அந்தப் பகுதியை மட்டும் சி பிளஸ் பிளஸில் எழுதி, பிரவுசரில் வேகமாக ஓடும் வெப்அசெம்ப்ளி வடிவத்துக்கு மாற்றுங்கள். மெனு, பட்டன், மற்றதெல்லாம் ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கட்டும்.