ஆஸ்வால்டின் கல்லறையில் இருப்பது யார்?

அமெரிக்க அதிபர் கென்னடியைச் சுட்டதாகக் கைதானவர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அதற்கு முன் சில ஆண்டுகள் சோவியத் ரஷ்யாவில் வாழ்ந்தவர். உண்மையான ஆஸ்வால்ட் அங்கிருந்து திரும்பவே இல்லை, கல்லறையில் இருப்பது அவரைப் போலிருந்த சோவியத் உளவாளி என்று ஒரு கதை சுற்றுகிறது. இது தவறு.

1963 நவம்பர் 24 அன்று டல்லஸ் போலீஸ் தலைமையகத்தில், நேரடி ஒளிபரப்பின்போதே ஆஸ்வால்டை ஜாக் ரூபி என்ற இரவு விடுதி உரிமையாளர் சுட்டார். அன்றே ஆஸ்வால்ட் இறந்தார்.

இந்தச் சந்தேகம் அப்புறமும் ஓயாததால், 1981 அக்டோபர் 4 அன்று கல்லறையைத் தோண்டினார்கள். பற்கள், அவர் மரைன் படையில் இருந்தபோது எடுத்த பல் பதிவுகளோடு அப்படியே பொருந்தின. சரி, பதிவையே மாற்றிவிட்டார்கள் என்பீர்களா? சிறுவயதில் இடது காதுக்குப் பின்னால் எலும்பில் செய்த அறுவைச் சிகிச்சையின் தடமும் மண்டையோட்டில் இருந்தது. அதையுமா உளவாளிக்குச் செய்து அனுப்புவார்கள்?