மலேசியாவை விட்டுவிட்டீர்களே

பணம் வாங்கிக்கொண்டு கால்பந்து ஆட்டத்தின் முடிவை மாற்றும் சூதைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ஜெர்மன் நடுவர் ஹோய்சர் செய்ததைச் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். 2004 ஆகஸ்டில் 2-0 என முன்னிலையில் இருந்த ஹாம்பர்க் அணி, அவர் கொடுத்த ஒரு சிவப்பு அட்டையாலும் இரண்டு பெனால்டிகளாலும் பாடர்போர்ன் அணியிடம் 4-2 எனத் தோற்றது. ஆனால் ஐரோப்பாவோடு நிறுத்திவிட்டீர்கள், அதுதான் எனக்குக் குறை.

எங்கள் காரைக்குடிப் பக்கம் மலேயா, சிங்கப்பூர் போய் வந்தவர் இல்லாத வீடு குறைவு. என் அம்மான் ஈப்போவில் ஒரு கடையில் கணக்குப் பார்த்தவர். அந்த ஊர் இருக்கும் பேராக் மாநிலத்தின் அணி ஆடும் நாளில் பேரேட்டை மூடிவைத்துவிட்டு மைதானத்துக்குக் கிளம்பிவிடுவாராம். 1994-95இல் மலேசிய லீகில் சூது விவகாரம் வெடித்தது. 21 பேர் நீக்கம், 58 பேர் இடைநீக்கம், விசாரிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். 1994இல் மலேசியக் கோப்பையை வென்ற சிங்கப்பூர் அணி, அந்தக் கையோடு மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியே போனது. அப்புறம் அம்மான் மைதானப் பக்கமே போகவில்லை. "ஒவ்வொரு கோலுக்கும் சந்தேகம்தான் வருதப்பா" என்பார். எனக்கு அது இன்றும் வலிக்கிறது.

இன்னொன்று. சூதாடிகள் பெரும்பாலும் நட்சத்திரங்களைத் தேடுவதில்லை. மாதக்கணக்கில் சம்பளம் வராத சின்ன லீக் ஆட்டக்காரர்களைத்தான் வளைக்கிறார்கள். கூட்டமே வராத ஆட்டத்துக்கும் இப்போது இணையத்தில் பந்தயம் நடக்கிறது. அதைப் பற்றியும் விரிவாக எழுதுங்கள்.