யாருக்காகப் பேசுகிறாய் என்றுதான் முதலில் கேட்கிறார்கள்

அரபுக் கவிஞர் ஃபத்வா தூக்கானுக்குத் தான் பிறந்த தேதி தெரியாது. பாலஸ்தீனத்தின் நப்லுஸ் நகரில் வசதியான, பேர்பெற்ற குடும்பம். ஆனாலும் பத்துப் பிள்ளைகளில் ஏழாவதாக வந்த பெண்ணின் பிறந்தநாளை யாரும் குறித்துவைக்கவில்லை. வளர்ந்தபின் அம்மாவிடம் கேட்கிறார். அம்மா யோசித்துப் பார்த்து, அன்றைக்கு அக்கூப் சமைத்துக்கொண்டிருந்தேன் என்கிறார். அக்கூப் என்பது அங்கே வசந்த காலத்தில் மலைச்சரிவுகளில் கிடைக்கும் முட்செடி, முள்ளைச் சீவியெடுத்துவிட்டுச் சமைப்பார்கள். ஆக, மாதம் ஓரளவு தெரிந்துவிட்டது. வருஷம்? உறவுக்காரப் பையன் ஒருவன் முதல் உலகப்போரில் செத்தபோது நான் ஏழு மாதம் முழுகாமல் இருந்தேன் என்கிறார் அம்மா. அப்படியானால் என் பிறப்புச் சான்றிதழை அவன் கல்லறையில்தான் போய்த் தேட வேண்டும் என்கிறார் மகள். இன்று எல்லா இடத்திலும் 1917 என்று அச்சாகிறதே, அந்த வருஷத்தின் கதை இதுதான்.

1985இல் புத்தகமாக வந்த தன்வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். வயிற்றில் இருக்கும்போதே தன்னைக் கலைத்துவிட அம்மா முயன்றார் என்பதையும் அதே பக்கங்களில் எழுதுகிறார். ‘பாலஸ்தீனத்தின் கவிஞர்’ என்று கொண்டாடப்பட்டவரின் வாழ்க்கைக் கதை ஆக்கிரமிப்பிலோ அகதிகளிலோ தொடங்கவில்லை, அம்மாவின் சமையலறையில் தொடங்குகிறது.

பதின்மூன்று வயது வாக்கில் ஒரு பையன் அவருக்கு ஒரு மல்லிகைப் பூ கொடுத்தான். அவ்வளவுதான் நடந்தது. விஷயம் அண்ணன் காதுக்குப் போனது, பள்ளிக்கூடம் நின்றது, வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவானது. இன்னொரு அண்ணன், கவிஞர் இப்ராஹிம் தூக்கான், வீட்டிலேயே அவருக்குக் கவிதை சொல்லிக்கொடுத்தார். அந்த அண்ணன் இல்லையென்றால் இந்தக் கவிஞரே இல்லை. இப்ராஹிம் 1941இல் இறந்துபோனார். அதற்கப்புறம் அப்பா மகளிடம் வந்து, அண்ணன் விட்ட இடத்தை நீ நிரப்பு, நாட்டைப் பற்றி எழுது என்கிறார். தெருவையே பார்க்க விடாத மனுஷன் கேட்கிறார்! ஆண்கள் பேசும் கூட்டத்தில் எனக்கு இடம் கிடையாது, வெளியே நடக்கும் எதிலும் பங்கு கிடையாது, பிறகு எந்த அனுபவத்தை வைத்து அரசியல் கவிதை எழுதுவது என்று மகள் உள்ளுக்குள் குமுறுகிறார். அப்பா 1948இல் இறந்தார். அதன் பிறகுதான் அந்தக் கவிதைகள் தாமாக வந்தன.

அரபுப் பெண் எழுத்தும் அடையாளமும் என்று பேச வரும்போதெல்லாம் எனக்கு இந்த அப்பாதான் ஞாபகத்துக்கு வருகிறார். ‘நான் யார்’ என்ற கேள்வியை இந்தப் பெண்கள் சாவகாசமாக உட்கார்ந்து யோசித்து எழுப்பிக்கொள்ளவில்லை என்பது என் கட்சி. பதிலை வேறு யாரோ எழுதி எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள், கையெழுத்துப் போடு என்கிறார்கள். வீட்டுக்குள்ளே அப்பா நாடு என்கிறார். பெய்ரூட்டில் போலீஸ் ஒழுக்கம் என்றது.

பெய்ரூட் கதையும் சொல்ல வேண்டும். லெபனான் எழுத்தாளர் லைலா பால்பக்கியின் ‘நான் வாழ்கிறேன்’ நாவல் 1958இல் வந்தது. லீனா என்ற பெண் தெருவில் நடந்துபோகும்போது, தோளில் புரளும் இந்தக் கூந்தல் யாருடையது, என்னுடையதுதானே என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறாள். நாட்டின் கூந்தலோ குடும்ப மானத்தின் கூந்தலோ இல்லை, அவளுடையது. போர்க்காலத்தில் கொள்ளை லாபம் பார்த்த அப்பாவின் காசும் வேண்டாமென்று வேலைக்குப் போகிறாள். அரபு நாவலில் ஒரு பெண் இவ்வளவு வெடுக்கென்று ‘நான்’ என்று சொன்னது பலருக்குப் பொறுக்கவில்லை. சில வருஷம் கழித்து வந்த சிறுகதைத் தொகுப்பில் ஒரு கணவனும் மனைவியும் படுக்கையில் இருக்கிற ஓரிரு வரிகளைப் பிடித்துக்கொண்டு ஆபாச வழக்குப் போட்டார்கள். 1964இல் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஆனால் அதன் பிறகு அவரிடமிருந்து பெரிதாகப் புனைவு வரவில்லை. வழக்கில் ஜெயித்தார் என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

நடுவில் ஒரு வேடிக்கை. அரபின் முதல் நாவல் என்று பலகாலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தது முஹம்மத் ஹுசைன் ஹைக்கலின் ‘ஜைனப்’. அது வெளியானபோது ஆசிரியர் தன் பெயரைப் போடவில்லை, ‘ஓர் எகிப்திய விவசாயி’ என்றுதான் போட்டார். ஆண் ஒளிந்துகொள்கிறார், பெண் பெயர் அட்டையில் நிற்கிறது. அதற்குப் பத்து வருஷத்துக்கும் மேல் முன்னாலேயே, 1899இல், தெற்கு லெபனானில் பிறந்து எகிப்துக்கு வந்த நிஜ ஜைனப் ஒருவர், ஜைனப் ஃபவ்வாஸ், தன் சொந்தப் பெயரில் நாவல் வெளியிட்டிருந்தார். அவரை வரிசையில் சேர்க்க ஆய்வாளர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்தால், அல்ஜீரிய எழுத்தாளர் அஹ்லாம் முஸ்தகானமிக்கு நடந்ததைப் பாருங்கள். 1993இல் வந்த ‘உடலின் நினைவு’ நாவலில் கதை சொல்கிறவர் அல்ஜீரிய விடுதலைப் போரில் ஒரு கையை இழந்த ஆண். நாவல் அரபுலகம் முழுக்க விற்றுத் தள்ளியது. உடனே, இதை எழுதியது இவரில்லை, பிரபலமான ஆண் கவிஞர் ஒருவர்தான் என்று வதந்தி கிளம்பிவிட்டது. பெண்ணின் அனுபவத்தை எழுதினால் கதை இல்லை, சொந்தக் கதை என்பார்கள். ஆணின் அனுபவத்தை எழுதினால் கையே அவருடையது இல்லை என்பார்கள்.

சரி, நம் பக்கம் வருவோம். தமிழில் அரபுப் பெண் எழுத்து என்றாலே எகிப்திய எழுத்தாளர் நவால் அல் சாதவிதான். அவர் மேல் எனக்குக் குறை ஒன்றும் கிடையாது. 1981இல் எகிப்து அதிபர் சாதாத் சிறையில் அடைத்தபோது கழிப்பறைக் காகிதத்தில் புருவ மையால் எழுதியவர் அவர். என் குறை நம் வாசிப்பின் மேல்தான். அவரைப் படித்துவிட்டு, ‘பாவம் அரபுப் பெண்கள்’ என்று உச்சுக்கொட்டிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். கையெழுத்துக்காக நீட்டப்படும் காகிதங்களில் இதுவும் ஒன்று. தேசத்தின் குரலாக இரு என்று அங்கே கேட்டார்கள், கொடுமையின் சாட்சியாக இரு என்று நாம் கேட்கிறோம்.

இந்தப் பரிதாபத்துக்கு மடங்காத நாவல் வேண்டுமென்றால் ஓமானின் ஜோகா அல்ஹார்த்தியைப் படியுங்கள். 2019இல் சர்வதேச புக்கர் பரிசு வாங்கிய நாவல், மூன்று சகோதரிகளின் கதை என்று பின்னட்டைகள் சொல்லும். எனக்கு அதில் பிடிபட்ட ஆள் ஸரீஃபா. அடிமை. வியாபாரி சுலைமானின் ஆசைநாயகி. தாயில்லாத அவர் மகனை வளர்த்தவளும் இவளே. அந்த வீட்டில் அவள் அதிகாரத்துக்கு எஜமானிகளே கொஞ்சம் ஒதுங்கிப் போவார்கள். ஓமானில் அடிமை முறை 1970இல்தான் ஒழிந்தது. சட்டம் நம்மை விடுவித்துவிட்டது, நான் போகிறேன் என்கிறான் அவள் மகன். அவளுக்கு அது உறைக்கவே மாட்டேனென்கிறது. ஒடுக்குகிறவன் ஆண், ஒடுக்கப்படுகிறவள் பெண் என்ற கணக்கு இங்கே செல்லாது. அவள் அடிமையா, தாயா, வீட்டுக்காரியா என்று ஜோகா தீர்ப்பு எதுவும் எழுதுவதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: முதலில் ஜோகா, அடுத்து ஃபத்வாவின் தன்வரலாறு, சாதவி மூன்றாவதாக. வரிசை தப்பு என்று நினைக்கிறவர்கள் கீழே வந்து சண்டை போடலாம். மூன்றையும் படித்துவிட்டு வந்தால் இன்னும் நன்றாகச் சண்டை போடலாம்.